ஈர்க்கு, வண்டல், வாழைக்கறையை வைத்துக் கோடு போடுவது எப்படி? (இலை ஒட்டிய மயில் தேறவில்லை)

கோரையாற்றங்கரை | மே 28, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். நான் நீடாமங்கலம் பக்கம். பள்ளிக்கூடத்தில் நன்றாக வரைவாள் என்று பெயர் வாங்கியவள், அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், பதினான்கு வருஷமாகப் பென்சிலைத் தொட்டதெல்லாம் பிள்ளைகளின் அறிவியல் நோட்டில் தவளையும் செம்பருத்தியும் வரைந்து கொடுக்கத்தான். இந்த வருஷம் துணிந்து ஒரு ஓவிய வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சனி, ஞாயிறு மட்டும், பாதி நேரில், பாதி ஆன்லைனில்.

மூன்றாம் மாதப் பயிற்சி இது: வீட்டைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் கிடைக்கிற இயற்கைப் பொருட்களை மட்டும் வைத்து, கோடும் வடிவமும் மட்டுமாக 12 தாள். கடையில் வாங்கிய வண்ணம், பேனா, பென்சில் எதுவும் கூடாது.

நான் என்ன செய்தேன் என்றால், பூவரசு இலை, வேப்பிலை, வாழைச்சருகு எல்லாம் பொறுக்கி வந்து ஒரு மயில் செய்தேன். கழுத்துக்குச் சங்குப்பூ, தோகைக்கு வாகை இலை, கண்ணுக்குக் குன்றிமணி. இரண்டு நாள் வேலை. வீட்டில் எல்லாரும் அசந்து போனார்கள், என் மாமியார் அதைச் சாமி அறையிலேயே மாட்டலாம் என்றார். ஆசிரியர் பார்த்துவிட்டு ஒரே வரிதான் சொன்னார்: "மயில் இருக்கிறது, கோடு எங்கே?"

சரி என்று அடுத்ததாக வாய்க்காலில் கிடந்த மண்ணைக் கரைத்துத் தூரிகையால் வரைந்தேன். ஈரத்தில் அருமையாக இருந்தது, காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து பாதிப் படம் தரையில் கிடந்தது. மூன்றாவதாக மஞ்சள் கரைத்துப் போட்ட தாளை ஜன்னலோரம் வைத்திருந்தேன், நாலே நாளில் வெளிறிவிட்டது.

ஆறு வேறு வறண்டு கிடக்கிறது, நாணலைத் தவிர ஒன்றும் பச்சையாக இல்லை. அவர் என்னதான் கேட்கிறார்? மண் உதிராமல் இருக்க என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஜூன் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

உமிக்கரி | மே 28, இரவு 11.05

அக்கா, வறட்டி தட்டி எடுத்துக்கொண்டு போங்கள். இயற்கைப் பொருள், வட்ட வடிவம், நடுவில் ஐந்து விரலும் ஐந்து கோடு. மூன்றும் முடிந்தது.

(கிண்டல்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கிழவிகள் சுவரில் தட்டிய வறட்டியைப் பார்த்திருக்கிறீர்களா, ஒவ்வொருவர் கைக்கும் ஒரு பாணி உண்டு.)

கரித்துண்டு | மே 29, காலை 6.15

சகோதரி, நான் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவன், முப்பது வருஷம் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றாயிற்று. உங்கள் ஆசிரியர் சொன்னது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை, ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால் ஆளுக்கு எப்படிப் புரியும்?

மயில் உங்கள் மனதில் ஏற்கெனவே இருந்தது. இலைகளை அதற்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டீர்கள். வாகை இலைக்குப் பதில் பச்சைக் காகிதம் வெட்டி ஒட்டியிருந்தாலும் அதே மயில்தான் வந்திருக்கும். அவர் கேட்பது அதற்கு நேர் எதிர். பொருளைக் கையில் எடுங்கள், அது என்ன கோடு போடுகிறது என்று பாருங்கள், படம் என்னவென்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவுங்கள். அடித்தண்டுப் பக்கத்தைச் சாய்வாகச் சீவி, கரைத்த கரியில் தொட்டு இழுங்கள். முதல் இரண்டு அங்குலம் தடிமனாகப் போகும், அப்புறம் மை தீர்ந்து தாளைக் கீறிக்கொண்டு ஒரு தேய்ந்த வால் விழும். அந்த வாலை எந்தப் பேனாவாலும் போட முடியாது. அடுத்தது நுனிப் பக்கம், அது துவளும், கை சொன்ன இடத்துக்குப் போகாது. ஐந்து ஈர்க்கைச் சேர்த்துக் கட்டி இழுத்தால் ஐந்தும் ஒன்றையொன்று முந்தும். தேங்காய் நார், பனைமட்டையைக் கல்லில் நசுக்கிய நார் (அந்தக் காலத்தில் சுண்ணாம்பு அடித்ததே இந்த மாதிரி மட்டையால்தான்), கோழி இறகு, பாக்குமட்டை விளிம்பு, காய்ந்த நாணல் தண்டு என்று இருபது பொருளை எடுத்து ஒரே தாளில் இருபது கோடு, ஒவ்வொன்றும் ஒரு அடி நீளம். படம் வேண்டாம், வெறும் கோடு. இது முதல் தாள்.

வடிவத்துக்கு வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சுக் குத்துவதை எல்லாரும் செய்கிறார்கள், அதை விடுங்கள். வாழைப்பட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பிறை மாதிரி வளைந்த வெளிவிளிம்பு, உள்ளே வரிசையாகக் கண்ணறைகள், தேன்கூட்டை நீட்டி வைத்தது போல. ஒரு பட்டையை அடியிலிருந்து நுனி வரை பத்து இடத்தில் வெட்டிப் பத்து அச்சு எடுத்தால், பிறை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவது தெரியும்.

கரியை நீங்களே சுட்டுக்கொள்ளலாம். மூடி உள்ள தகர டப்பாவில் விரல் தடிமனுக்கும் குறைவான நொச்சிக் குச்சிகளை நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, அடுப்பில் வையுங்கள். ஓட்டையில் புகை வருவது நின்ற பிறகு எடுத்து, டப்பா முழுதும் ஆறிய பிறகு மட்டும் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் காற்றுப் பட்டுக் கரி தணலாகிச் சாம்பல்தான் மிஞ்சும், எனக்கு இரண்டு டப்பா அப்படிப் போயிருக்கிறது.

அந்தக் கரியை ஒரு தொரட்டிக் கம்பு நுனியில் கட்டி, தாளைச் சுவரில் ஒட்டி, நாலு அடி தள்ளி நின்று வரையுங்கள். வயதான காலத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் நீண்ட மூங்கில் கழியில் கரியைக் கட்டித்தான் சுவரில் வரைந்தார். விரலில் இருக்கும் சாமர்த்தியம் எல்லாம் போய்விடும், தோள்தான் வரையும். நன்றாக வரைகிறவர்களுக்கு இது முதலில் அவமானமாக இருக்கும், உங்களுக்கும் இருக்கும்.

நேரம் கிடைத்தால் கே. எம். ஆதிமூலத்தின் கறுப்பு வெள்ளைக் காந்திப் படங்களைப் பாருங்கள், 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்தவை. நம் திருச்சி மாவட்டத்துக்காரர்தான். முகத்தைக் கோடு சுற்றி வளைக்காது, கோடுகள் ஓடுகிற ஓட்டத்தில் முகம் வந்து நிற்கும்.

கருவேலம்பிசின் | மே 29, காலை 9.30

கோட்டைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார், மண் உதிர்கிற கதைக்கு நான் வருகிறேன்.

வாய்க்காலில் எடுத்ததில் மணல், வண்டல், களி மூன்றும் கலந்திருக்கும். வாளியில் நிறையத் தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்குங்கள், ஒரு நிமிஷம் விடுங்கள், மணல் அடியில் உட்காரும். மேலே கலங்கலாக நிற்பதை வேறு பாத்திரத்தில் பழைய வேட்டித் துணி போட்டு வடியுங்கள். அது ஒரு நாள் தெளியட்டும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டால் அடியில் தயிர் மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் உங்கள் வண்ணம். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது.

களி காயும்போது சுருங்கும். கனமாக அப்பினால் வயல் வெடிக்கிற மாதிரி வெடித்துத்தான் தீரும், அதனால் மெல்லிசாகப் போடுங்கள், இரண்டு மூன்று தடவை வேண்டுமானாலும் போடலாம். ஒட்டுவதற்குக் கருவேலம் பிசின், உங்கள் பக்கம் கருவேல மரத்துக்குப் பஞ்சமே இருக்காது. இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டி, மண் குழம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஓரத்தாளில் தீட்டிக் காயவைத்துத் தேய்த்துப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் பிசின் போதவில்லை, பளபளத்து வெடித்தால் கூடிவிட்டது. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம், தடித்த தாள்) இருந்தால் நல்லது, சாதாரண சார்ட் அட்டை ஈரத்தில் அலை அலையாக வளைந்து, அந்த வளைவிலேயே மண் உதிரும்.

வடிகஞ்சியும் ஒட்டும், செலவே இல்லை. ஆனால் நான் ஒரு முறை எட்டுத் தாளைக் கஞ்சியில் போட்டுப் பரணில் வைத்துவிட்டு, ஐப்பசி மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் இராமபாணப் பூச்சி தின்று, நான் வரைந்ததைவிட அழகாக வரைந்து வைத்திருந்தது. பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம், பிள்ளைகள் இருக்கிற வீடு, உங்களுக்கு வேண்டாம்.

மஞ்சள் வெளுத்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. மஞ்சளும் பெரும்பாலான பூச்சாறுகளும் வெளிச்சத்தில் நிற்காது. சங்குப்பூ நீலத்தில் எலுமிச்சை விட்டால் ஊதாவாக மாறும், பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஓடிப்போகும் நிறம். மண்ணும் கரியும் சுண்ணாம்பும்தான் நிற்கும். காவிக்கும் மஞ்சள் காவிக்கும் நிறம் கொடுப்பது இரும்புத் துரு, அது இனிமேல் மாற என்ன இருக்கிறது? தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார், அந்தச் சுவரிலும் பெரும்பகுதி இந்த மாதிரி மண் நிறங்கள்தான், ஆயிரம் வருஷமாக இருக்கிறது.

நல்ல கறுப்பு வேண்டுமானால் துணியில் கையால் வரைகிற கலம்காரிக்காரர்கள் வழி. துருப்பிடித்த ஆணி, தகடு எல்லாவற்றையும் பனைவெல்லத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் விடுங்கள், நாற்றம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். தாளை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து வையுங்கள். இரும்புத் தண்ணீரைத் தொட்டு அந்தத் தாளில் கோடு இழுத்தால் முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் இந்தக் கறுப்பில்தான் கோடு போடுகிறார்கள். கருப்பூர்க் கலம்காரி என்று 2021-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. அவர்கள் கலத்தை, அதாவது பேனாவைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஒரு மூங்கில் குச்சி, அதில் சுற்றிய துணி, மேலே நூல், அவ்வளவுதான். துணி மையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரல் அழுத்துகிற அளவுக்குக் கீழே இறங்கும். ஒன்று மட்டும், இரும்பு மை வருஷக்கணக்கில் தாளை அரிக்கும், பேரன் காலம் வரை வைத்திருக்கப் போகிற படத்துக்கு யோசித்துப் போடுங்கள்.

புள்ளி_நேர்வரிசை | மே 29, மதியம் 2.10

கரித்துண்டு ஐயா, பெரியவர் என்பதால் பணிவாகவே கேட்கிறேன். ஈர்க்கால் கீறினால் கலை, இலையை ஒட்டினால் கைவேலை, இதை யார் முடிவு செய்கிறார்கள்? மயிலை விட்டுவிடுங்கள், நானும் அந்த மயிலுக்காகச் சண்டை போட வரவில்லை. ஆனால் இந்த ஊர்ப் பெண்கள் தினம் காலையில் கையை மட்டும் வைத்துக்கொண்டு, அரிசிமாவை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, அளவுகோல் இல்லாமல் கோடு போடுகிறார்கள். அதை எந்த வகுப்பிலும் கோடு என்று சொல்லிக் கொடுப்பதில்லை, "நாட்டுப்புறக் கலை" என்று கடைசிப் பாடத்தில் ஒரு பத்தி.

அக்கா, உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. சிக்குக் கோலம் போடுவீர்கள்தானே? கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய், கிளம்பின இடத்துக்கே வந்து மூடிக்கொள்ளும். 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் கூட இருந்தவர்களும் இந்தக் கோலங்களை வைத்துக் கணினிக்கான பட இலக்கணமே எழுதினார்கள், எந்த வளைவுக்குப் பின் எந்த வளைவு வரலாம் என்று. நம் பாட்டிகளிடம் கேட்டால் "கை தானாப் போகும்" என்பார்கள்.

நான் செய்து பார்த்தது ஒன்று சொல்கிறேன். வாசலில் கோலம் போட்டு, அழியும்போது ஒவ்வொரு மணிக்கும் பார்த்து வரைந்தேன். எட்டு மணிக்கு எறும்பு வரிசை, பத்து மணிக்குச் சைக்கிள் டயர் ஒரு பட்டையாக இழுத்துக்கொண்டு போனது, மதியம் காற்று, சாயங்காலம் ஐந்து புள்ளிதான் மிச்சம். கோலத்தைவிட எறும்பு போட்ட கோடு பிரமாதம், ஏனென்றால் அது மாவை எடுத்துக்கொண்டு போகிற வழி எல்லாம் பொடி சிந்தி இன்னொரு கோடு போட்டிருந்தது.

கரித்துண்டு | மே 29, இரவு 8.20

அம்மா, நியாயம். நான் கைவேலையைக் குறைத்துச் சொல்லவில்லை என்று நினைத்துத்தான் எழுதினேன், திரும்பப் படித்தால் அப்படித்தான் தொனிக்கிறது. எறும்பு விஷயத்தை என் பேத்தியிடம் சொன்னேன், நாளைக் காலை வாசலில் உட்காரப் போகிறாளாம்.

ஒடியோலை | மே 30, இரவு 9.50

நான் சுவாமிமலை, பரம்பரையாகச் சிலை வார்க்கிற வீடு, ஓவியம் எனக்குத் தெரியாது. ஆனால் கோடு போடாமல் கோடு போடுகிற ஒரு வழி எங்களிடம் இருக்கிறது, உங்களுக்கு உதவுமா பாருங்கள்.

சிலை எவ்வளவு உயரமோ அந்த அளவுக்குத் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை வெட்டிக்கொள்வோம். பிறகு அதைக் கணக்குப்படி மடிப்போம். ஒவ்வொரு மடிப்பும் ஒரு அளவு, முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு வரை இவ்வளவு என்று. ஸ்கேல் கிடையாது. ஓலையில் விழுந்த மடிப்புத்தான் கோடு. எவ்வளவு பெரிய சிலையானாலும், சின்னதானாலும், ஓலையை மாற்றினால் போதும், விகிதம் தானாக வந்துவிடும். அதற்குப் பெயர்தான் ஒடியோலை, என் பெயரும் அதனால்தான்.

உங்களிடம் 12 தாள் இருக்கிறது. ஒரு தாளில் மையே வேண்டாம். வீட்டில் ஒரு ஆளைச் சுவரோடு நிறுத்தி, அவர் உயரத்துக்கு ஓலை வெட்டி, முட்டி, இடுப்பு, தோள், தாடை என்று மடித்துக்கொண்டு வாருங்கள். மாமியாருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. பச்சை ஓலையில் செய்யாதீர்கள், காயும்போது சுருண்டுகொள்ளும், ஒரு நாள் வாடவிட்டுச் செய்யுங்கள்.

வண்டல் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சாகப் பூசுவது காவிரி வண்டலைத்தான், ஏனென்றால் மெழுகில் போட்ட மயிரிழைக் கோட்டைக்கூட அது அப்படியே பிடித்துக்கொள்ளும். வயல் களியும் மணலும் சேர்ந்த கனமான பூச்செல்லாம் அதற்கு மேல்தான். அதனால் வண்டலைத் தாளில் தீட்டுவதோடு நிறுத்தாமல், ஒரு தட்டில் பூரிமாவு பதத்துக்குப் பரப்பி, அதில் நெற்கதிர், நாணல் பூ, காக்கை இறகு எதையாவது அழுத்தி எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடெல்லாம் தெரியும்.

நடவுக்கயிறு | மே 31, காலை 5.40

நான் விவசாயி, ஓவியத்துக்கும் எனக்கும் காத தூரம், தங்கை மகள் இந்த இழையை அனுப்பினாள். ராஜராஜன் ஆயிரம் என்று ஒற்றை நாற்று நடவு வந்தபோது 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து என்று மார்க்கரை உருட்டிச் சேற்றில் கட்டம் போட்டோம். என் அம்மா வரப்பில் நின்று பார்த்துவிட்டு "என்னடா இது, கோடு போட்ட நோட்டு மாதிரி" என்று சிரித்தது. அம்மா நட்ட வயலில் வரிசையே இருக்காது, ஆனால் பத்துப் பெண்கள் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நடுகிறதால் ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு பட்டை இருக்கும், யார் நட்டது என்று சொல்லிவிடலாம். வரப்பில் உட்கார்ந்து பாருங்கள், வயலே தாள்தான். இப்போது கோடையில் வெடித்துக் கிடக்கும்போது நண்டு வளைக்கும் வெடிப்புக்கும் நடுவில் என்னென்ன ஓடுகிறது என்றும் பாருங்கள்.

பேராவூரணிக்காரன் | மே 31, இரவு 10.15

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தோப்பில் தொண்ணூறு சொச்சம் தென்னை விழுந்தது. விடிந்து பார்த்தால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சீப்பால் வாரிவிட்ட மாதிரி கிடந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்தவர் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே மாதக்கணக்கில் ஆயிற்று.

அந்தச் சமயம் நான் சென்னையில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் டிசைனர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். அறுத்த அடிக்கட்டையின் மேல் தாளை வைத்து, அடுப்புக் கரியால் தேய்த்தேன். சும்மா கை பரபரத்தது, வேறு காரணம் இல்லை. மற்ற மரம் என்றால் வளையம் வளையமாக வரும், வயதை எண்ணலாம். தென்னைக்கு வளையம் கிடையாது. வெறும் புள்ளிகள். பட்டை ஓரத்தில் நெருக்கமாக, கறுப்பாக, உள்ளே போகப் போக விலகி விலகி, நடுவில் கிட்டத்தட்ட வெற்றிடம். ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு மாதிரி. மொத்தம் நாற்பத்திரண்டு எடுத்தேன், அதற்கு மேல் தாள் இல்லை. அப்பாவிடம் காட்டினேன், ஒவ்வொன்றையும் பார்த்து "இது கிணத்தடி மரம்", "இது உன் அத்தை கல்யாணத்துக்கு முன்னாடி வச்சது" என்று சொல்லிக்கொண்டே வந்தார், எனக்குப் புள்ளியாகத் தெரிந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததென்று இன்றுவரை விளங்கவில்லை. ஒருவேளை அளவை வைத்துச் சொல்லியிருப்பார்.

இப்படித் தேய்த்து எடுப்பதை 1925-இல் மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் ஓவியர் பழைய தரைப் பலகையில் ஆரம்பித்தார் என்று பின்னால் படித்தேன். நாம் எல்லாரும் காலணாவை நோட்டுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்தவர்கள்தான். கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுப்பதும் கிட்டத்தட்ட இதே குடும்பம், ஈரத்தாளைக் கல்லில் பதித்து, பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றுவார்கள். அக்கா, ஒரு எச்சரிக்கை, ஆர்வத்தில் கோயில் சுவரில் போய்த் தேய்த்துவிடாதீர்கள், தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. மரம், கதவு, அம்மி, திருகைக்கல் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

பன்னாடையை மறந்துவிடாதீர்கள். தென்னையில் மட்டைக்கு அடியில் நெய்து வைத்த மாதிரி இருக்குமே, அதை மண்ணில் தோய்த்துத் தாளில் அழுத்துங்கள்.

உமிக்கரி | மே 31, இரவு 10.40

அண்ணே, என் வறட்டி ஜோக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கோரையாற்றங்கரை | ஜூன் 9, மதியம் 3.30

எல்லாருக்கும் ஒன்றாகப் பதில் சொல்கிறேன், தனித்தனியாக எழுத நேரமில்லை, மன்னிக்கவும்.

இருபது கோடு போட்ட தாள் முடிந்தது. ஐயா, கோழி இறகு சுகமில்லை, ஆனால் காய்ந்த முருங்கைக்காயை நெடுக்காகப் பிளந்து அதன் விளிம்பால் இழுத்தால் இரட்டைக் கோடு விழுகிறது, நீங்களும் பாருங்கள். தொரட்டியில் கரி கட்டி வரைந்தது நிஜமாகவே அவமானம், எங்கள் வீட்டுக் கறவை மாடு ஆட்டுக்குட்டி மாதிரி வந்திருக்கிறது, ஆனால் அந்தக் கொம்பின் வளைவை நான் பென்சிலில் நூறு தடவை போட்டாலும் வராது.

மண் இப்போது உதிரவில்லை. பிசின் சொன்னபடி செய்தேன், இரண்டாவது முயற்சியில் பதம் பிடிபட்டது. முதல் தடவை பிசின் கூடி, மினுமினுத்து வெடித்தது, அந்த வெடிப்பும் நன்றாக இருந்ததால் அதையும் ஒரு தாளாக எடுத்து வைத்துவிட்டேன்.

வாழைக்கறை நானாகக் கண்டுபிடித்தது. தார் வெட்டின மரத்தில் வடிந்த பாலைக் குச்சியால் தொட்டுத் தாளில் வரைந்தேன், காய்ந்ததும் ஒன்றுமே இல்லை, வெள்ளைத்தாள். ஏமாற்றத்தோடு வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பழுப்பாக எழும்பி வந்திருக்கிறது. வரைந்ததை நானே மறந்துவிட்டதால் யாரோ வரைந்தது மாதிரி இருந்தது. புடவையில் பட்டால் திட்டு வாங்குகிற கறை!

ஒடியோலை அண்ணா, மாமியாரைச் சுவரோடு நிறுத்துவதற்குள் போதும் போதுமென்று ஆயிற்று, "என்னை எதுக்குடி அளக்கிற" என்று. நாலு ஓலையையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்துவிட்டேன். சின்னவனுடைய ஓலையில் தலை மடிப்பு அவ்வளவு பெரிதாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு உடம்பில் தலை எவ்வளவு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒன்பது தாள் ஆகிவிட்டது. இன்னொரு யோசனை இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் வர வேண்டும். மேட்டூர் 12-ஆம் தேதி திறப்பார்கள் என்கிறார்கள்.

கோரையாற்றங்கரை | ஜூன் 24, காலை 7.05

வந்துவிட்டது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில்தான் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. சின்ன வயசிலிருந்து பார்க்கிற இடம், அது ஒரு கோடு மூன்றாகிற இடம் என்று இத்தனை வருஷம் தோன்றியதே இல்லை. அதிலிருந்து வந்து எங்கள் கொல்லைப்பக்க வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஏறும்போது முன்னால் சருகும் குப்பையும் நுரையுமாக ஒரு விளிம்பு ஊர்ந்து வரும், நாய் முகர்ந்துகொண்டு வருகிற மாதிரி. அதை வரையச் சொன்னால் நான் வரைய மாட்டேன், அதுவே வரையட்டும் என்று மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைக் கஞ்சியில் முக்கிக் காயவைத்து, வாய்க்கால் தரையில் விரித்து, இரண்டு பக்கமும் மூங்கில் முளை அடித்து வைத்தேன்.

முதல் நாள் மாடு மிதித்துவிட்டது. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன்கள் முளையைப் பிடுங்கி கில்லி விளையாடப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் விடிகாலை மூன்று மணிக்கு மேல் தண்ணீர் வந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. நான் எழுந்து ஓடிப் பார்த்தபோது வேட்டி முழுகிவிட்டது. அரை மணி நேரம் விட்டு, நானும் பெரியவளும் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கி, மட்டமாகவே பிடித்து நடந்து வந்து களத்தில் வைக்கோல் மேல் காயப் போட்டோம்.

நடுவில் ஒரு தடித்த வண்டல் பட்டை, அதன் ஓரங்களில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வளைந்த மெல்லிய கோடுகள், மாடு மிதித்த இரண்டு இடத்திலும் தண்ணீர் சுற்றிக்கொண்டு போன சுழி. ஒரு முனையில் சருகுகள் ஒட்டிக்கொண்டு நின்ற அடையாளம். நான் ஒரு கோடு கூடப் போடவில்லை. மாமனார் வந்து நின்று பார்த்தார், "என் வேட்டிதானே" என்று மட்டும் கேட்டார்.

இப்போது பிரச்சினை வேறு. ஆசிரியர் தாள்களைக் கொரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். பதினொன்று சரி, பன்னிரண்டாவது எட்டு முழம். மடித்தால் மண் உதிரும். கஞ்சி போட்டது வேறு. என்ன செய்வது?

கருவேலம்பிசின் | ஜூன் 24, காலை 7.50

மடிக்கவே கூடாது. ஆறு அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்று பிளம்பரிடம் கேளுங்கள். மெல்லிய பிசின் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, இரண்டு அடி தூரத்திலிருந்து பனி மாதிரி இரண்டு தடவை அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். மண் பக்கம் வெளியே இருக்கிற மாதிரி, இடையில் பழைய பருத்திச் சேலையை வைத்து, தளர்வாகச் சுற்றுங்கள். உள்ளே சுருட்டினால் மண் நொறுங்கும், வெளிப்பக்கம் என்றால் கொஞ்சம் விரியும், அவ்வளவுதான். நாலு கிராம்பு போட்டு வையுங்கள், பூச்சிக்கு.

உமிக்கரி | ஜூன் 24, காலை 8.10

அக்கா, கொரியர்காரன் உள்ளே என்ன என்று கேட்டால் "வேட்டி" என்று சொல்லுங்கள். "வாய்க்கால்" என்று சொன்னால் வாங்க மாட்டான்.

கரித்துண்டு | ஜூன் 24, காலை 9.00

அனுப்புவதற்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள் சகோதரி, காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் மண்ணின் மேடு பள்ளம் தெரியும். அந்த முருங்கைக்காய்க் கோட்டையும் பக்கத்தில் வைத்து எடுங்கள், எனக்கு அதைப் பார்க்க வேண்டும்.